டெபியன் 12-இல் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.2 என்றாலே ஓட்டையா?

முனையமுத்து | 9 ஜூலை 2024

வணக்கம் நண்பர்களே. ஆறு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன், ஆறிலும் ஓடுவது டெபியன் 12, அதாவது புக்வோர்ம் என்ற லினக்ஸ் வெளியீடு. தணிக்கைக்காக ஓடவிட்ட பாதுகாப்பு ஸ்கேனர் ஆறுக்கும் சிவப்பு காட்டுகிறது: "ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.2பி1, சிவிஇ-2024-6387, உடனே 9.8-க்கு மாறவும்." (ஓப்பன்எஸ்எஸ்ஹெச் என்பது சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய உதவும் மென்பொருள், சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைக்குக் கொடுக்கும் எண்.) ஸ்கிரிப்ட் வழியாக எல்லாவற்றிலும் டெபியனின் பேக்கேஜ் நிறுவியான ஆப்ட்டில் அப்டேட், அப்கிரேட் ஓட்டிவிட்டேன். புதிதாக ஒன்றும் இல்லை என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்கிறார் மேலாளர். சோர்ஸ் எடுத்து 9.8-ஐ நானே கம்பைல் பண்ணிப் போட்டுவிடவா?

கட்டளைவரி

கம்பைல் எல்லாம் வேண்டாம். ஆப்ட்டின் சோர்ஸ் பட்டியலில் சிட் (டெபியனின் அன்ஸ்டேபிள் கிளை) வரியைச் சேர்த்து, எஸ்எஸ்ஹெச்சை மட்டும் அங்கிருந்து எடுங்கள். பத்து நிமிட வேலை.

பழையகர்னல்

தம்பி, இரண்டுமே வேண்டாம். முதலில் ஒவ்வொரு சர்வரிலும் நிறுவிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும் டிபிகேஜி -எல் கட்டளையைப் போட்டு, ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் வரியை முழுசாகப் படியுங்கள். 1:9.2பி1-2+டெப்12யூ3 என்று இருந்தால் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது.

ஸ்கேனர் 9.2 வரைக்கும் படித்துவிட்டு நின்றுவிடுகிறது. விஷயமே அதற்குப் பின்னால் இருக்கிற வாலில்தான். டெபியன் ஸ்டேபிள் (நிலையான வெளியீடு) வெளியான பிறகு பொதுவாகப் புதுப் பதிப்புக்குத் தாவ மாட்டார்கள். 9.8-இல் வந்த திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய 9.2-இன் மேல் தைத்துக் கொடுப்பார்கள். டெப்12 என்றால் டெபியன் 12, யூ3 என்றால் அந்த வெளியீட்டுக்குள் மூன்றாவது திருத்தம். முன்னால் இருக்கிற எண் மாறாது, நீங்கள் எழுதிய அமைப்புக் கோப்புகளும் உடையாது. இந்த ஓட்டைக்கான யூ3, விவரம் வெளியான ஜூலை 1 அன்றே டிஎஸ்ஏ-5724 என்ற பாதுகாப்பு அறிவிப்போடு வந்துவிட்டது. மாற்றப் பதிவைக் காட்டும் ஆப்ட் சேஞ்ச்லாக் கொடுத்தால் அந்த சிவிஇ எண் கண்ணுக்கு நேராகத் தெரியும். டெபியனின் செக்யூரிட்டி டிராக்கரில் அதே எண்ணைத் தேடினால் எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பில் சரியானது என்று பட்டியல் வரும். தணிக்கைக்காரருக்கு இரண்டையும் அனுப்புங்கள், ஏற்றுக்கொள்வார்.

கட்டளைவரிக்கு ஒரு வார்த்தை. டெபியன் வெளியீடுகளுக்கு டாய் ஸ்டோரி பாத்திரங்களின் பெயர்தான் வைக்கிறார்கள். அதில் பொம்மைகளை உடைக்கிற பையன் பெயர் சிட். அன்ஸ்டேபிளுக்கு அந்தப் பெயரை யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு பேக்கேஜை இழுத்தால் அது ஏறக்குறைய எல்லா நிரலும் நம்பியிருக்கிற லிப்சி லைப்ரரியையும் கூடவே இழுக்கும், அப்புறம் அது ஸ்டேபிளே இல்லை. 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரத்தை அதற்குள் மறந்துவிடாதீர்கள். கள்ளக்கதவு வைத்த 5.6.0, 5.6.1 இரண்டும் சிட்டுக்கும் அடுத்த வெளியீட்டுக்கான டெஸ்டிங்குக்கும் போயின, ஸ்டேபிளுக்கு வரவில்லை. பின்வாங்கும்போது பதிப்பு எண்ணைக் குறைக்க முடியாது, குறைத்தால் ஆப்ட் அதைப் பழசு என்று ஒதுக்கிவிடும். அதனால், உள்ளே இருப்பது 5.4.5 என்று தெரியும்படி, 5.6.1+ரியலி5.4.5-1 என்று பெயர் வைத்தார்கள். அந்த "ரியலி"யைப் பார்க்கும்போதெல்லாம், அன்றிரவு தூங்காமல் வேலை பார்த்தவர்களுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

கம்பைல் பண்ணினால் இன்றைக்குச் சரியாகிவிடும். அடுத்த ஓட்டை வரும்போது யார் பார்ப்பது? இதுவே 2006-இல் அடைத்த ஓட்டை, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.5-இல் மறுபடி திறந்துகொண்டது. ஆறு சர்வரில் கையால் போட்ட எஸ்எஸ்ஹெச்டி (எஸ்எஸ்ஹெச்சின் சர்வர் நிரல்) இருந்தால் இனி அத்தனையையும் கண்காணிப்பது உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று, இது நான் பட்டது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்த சமயத்தில் அதைப் புதுப்பித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். வெப் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணவில்லை. இரண்டு நாள் அது மெமரியில் இருந்த பழைய லைப்ரரியோடே ஓடியது. எஸ்எஸ்ஹெச் பேக்கேஜ் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும், லைப்ரரிகள் அப்படி இல்லை. எதை ரீஸ்டார்ட் பண்ண வேண்டும் என்று சொல்லும் நீட்ரீஸ்டார்ட்டை நிறுவி வையுங்கள்.

வால்நட்சத்திரம்

உபுண்டுவிலும் இதே கதைதான். 22.04-இல் 8.9பி1-3உபுண்டு0.10 இருந்தால் சரி. எங்கள் ஸ்கேனரும் 8.9 என்று பார்த்தவுடன் கத்தியது.

முனையமுத்து | 9 ஜூலை, இரவு

அண்ணா, ரொம்ப நன்றி. ஐந்தில் யூ3 இருக்கிறது. ஆறாவதில் மட்டும் யூ2! ஆப்ட் அப்டேட்டைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன்: "ரிலீஸ் ஃபைல் இல்லை" என்று சோர்ஸ் பட்டியலின் செக்யூரிட்டி வரியில் பிழை. ஸ்கிரிப்டின் கடைசி வரியை மட்டும் பார்த்ததால் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அந்த சர்வர் டெபியன் 10-இலிருந்து படிப்படியாக ஏற்றப்பட்டது.

பழையகர்னல்

அந்த வரியில் "புக்வோர்ம்/அப்டேட்ஸ்" என்று இருக்குமே? டெபியன் 10 பஸ்டர் வரைக்கும் செக்யூரிட்டிக் களஞ்சியத்தின் பெயர் அப்படித்தான் இருந்தது. 11 புல்ஸ்ஐயிலிருந்து "-செக்யூரிட்டி" என்று மாற்றிவிட்டார்கள். பஸ்டர் என்ற சொல்லை மட்டும் மாற்றி ஏற்றியவர்கள் நிறையப் பேர் இங்கே மாட்டியிருக்கிறார்கள். "புக்வோர்ம்-செக்யூரிட்டி" என்று திருத்திவிட்டு அப்டேட், அப்கிரேட் கொடுங்கள். எஸ்எஸ்ஹெச் மட்டுமல்ல, வேறு பேக்கேஜ்களும் சேர்ந்து வரும், கெர்னல்கூட இருக்கலாம். ரீபூட்டுக்கு நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டெர்மினலில் உள்நுழைந்து பார்க்கும் வரைக்கும் இப்போது திறந்திருக்கிற எஸ்எஸ்ஹெச் இணைப்பை மூடாதீர்கள்.

முனையமுத்து

அதே வரிதான் அண்ணா. திருத்தினேன், யூ3 வந்துவிட்டது, கெர்னலும் வந்திருக்கிறது. நாளை காலை 6 மணிக்கு ரீபூட்.