மோதிரத்தை வெட்டிய அன்று தெரிய வந்தது: அக்ரோமெகலி (வளர்ச்சி ஹார்மோன் கூடிப்போகும் நோய்) அனுபவங்கள்

கை மரத்துப்போகிறது என்று ஒரு வருடம் அலைந்தேன். மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்பல் டனல் என்று சொல்லி அங்கே சின்ன ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டார்கள், விரலில் நூல் சுற்றி இழுத்தார்கள். கடைசியில் வெட்டித்தான் எடுத்தார் நர்ஸ். பக்கத்தில் நின்ற மயக்க மருந்து டாக்டர் என் நாக்கை நீட்டச் சொன்னார், தாடையைத் தொட்டுப் பார்த்தார். "குறட்டை உண்டா? செருப்பு சைஸ் கூடியிருக்கா?" என்றார். எட்டு, பத்தாகியிருந்தது. வயதானால் கால் அகலமாகும் என்று நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். வயது 43!

வளர்ச்சி ஹார்மோன் கூடினால் ரத்தத்தில் தானும் கூடும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளைப் பரிசோதித்ததில், வயதுக்குரிய அளவைவிட மூன்று மடங்கு. அப்புறம் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் விட்டுவிட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை உள்ளே போனதும் வளர்ச்சி ஹார்மோன் அடங்க வேண்டும். எனக்கு அடங்கவே இல்லை. எம்ஆர்ஐயில், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 14 மில்லிமீட்டர் கட்டி, அதுதான் வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து தள்ளியது. புற்றுநோய் வகை இல்லை என்றார்கள்.

அதற்கு முன்பே சர்க்கரைக்கு ஒரு டாக்டர், பிரஷருக்கு ஒருவர், கீழ்ப்பல் வரிசையில் விழுந்த இடைவெளிக்கு ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை, தினமும் பார்க்கிற முகம்தானே.

உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?

பதில் 1

என் கணவருக்குக் கண்ணில் தெரிந்தது. நேராக இருப்பது நன்றாகத் தெரியும், இரண்டு பக்கமும் வருவது தெரியாது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், அவசரக்காரர் என்று நான் திட்டுவேன். கட்டி மேலே வளர்ந்து பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தியிருந்தது. மூக்கு வழியாகத்தான் ஆபரேஷன். ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் தண்ணீராகச் சிறுநீர் போய்க்கொண்டே இருந்தது, மருந்து கொடுத்ததும் நின்றது. மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் உடனே சொல்ல வேண்டும், மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிகிறதோ என்று பார்ப்பார்கள். உடம்பு நோயைத் தாங்க உதவும் கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்துவிட்டதால் இன்றும் மாத்திரை உண்டு. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

பதில் 2

ஏன் வந்தது என்று நான் ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாப்பாடா, செல்போனா, மன உளைச்சலா? ஒன்றுமில்லை. சுரப்பியின் ஒரு செல்லில் பிறந்த பிறகு ஏற்பட்ட மரபணுப் பிழையாம், பலருக்கு ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில். "சுரந்துகொண்டே இரு" என்ற கட்டளை நிற்காமல் ஓடுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் போகும் வகை குறைவு. ஆனால் சின்ன வயதிலேயே வந்தாலோ குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, ஏஐபி, எம்இஎன்1 மரபணுக்களைப் பார்க்கச் சொல்வார்கள். எலும்பு வளர்ச்சி முடிவதற்கு முன் வந்தால் உயரம் கட்டுக்கடங்காமல் போகும்.

எனக்கு ஆபரேஷனில் முழுதாக எடுக்க முடியவில்லை, கட்டி பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றியிருந்தது. ஹார்மோன் சுரப்பதை அடக்க மாதம் ஒரு ஆக்ட்ரியோடைட் ஊசி, இடுப்பில். பொடியைக் கலக்கியதும் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் ஊசி அடைத்துக்கொள்ளும். முதல் சில மாதம் வயிற்றுப்போக்கு, அப்புறம் பித்தப்பையில் கல். கூடவே கேபர்கோலின் மாத்திரை. அதற்கும் மசியாவிட்டால் பெக்விசோமன்ட் என்று தினசரி ஊசி இருக்கிறது. அது கட்டியைத் தொடாது, உடம்பில் ஹார்மோன் வேலை செய்யும் இடத்தை மறித்துவிடும். கதிர்வீச்சு கடைசி, பலன் தெரிய வருடங்கள் ஆகும். பெருங்குடலில் பாலிப் (சதை வளர்ச்சி) வரக்கூடும் என்று, குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் செய்தார்கள். அதற்கு முந்தைய நாள் மருந்து குடிப்பதுதான் கொடுமை, மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

தொடங்கியவர்

எனக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம். முதல் வாரத்திலேயே விரல் வீக்கம் வடிந்தது, குறட்டையும் பாதியாகிவிட்டது. சர்க்கரை மாத்திரை ஒன்று குறைந்தது. எலும்பு வளர்ந்தது வளர்ந்ததுதான், செருப்பு இன்னும் பத்துதான். வெட்டிய மோதிரத்தை ஒட்டவைத்தேன், இப்போது லூசாக இருக்கிறது.