15,000 ரூபாய்க்குள் குகையில் கயிறு ஏறும் சாமான்: எதை வாங்குவது?

மிளகுக்கொடி:
வணக்கம். தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பழகியவன், உயரம் பயமில்லை. டிசம்பரில் ஒரு குழுவோடு மேகாலயா குகைகளுக்குப் போகிறேன். ஓரிடத்தில் செங்குத்தாக 30 மீட்டர் இறங்கி, அதே கயிற்றில் திரும்பி ஏற வேண்டுமாம். கயிறு அவர்கள் பொறுப்பு, உடம்பில் மாட்டுவதெல்லாம் என் பொறுப்பு. கையில் 15,000 இருக்கிறது. திண்டுக்கல்லில் கட்டட வேலைக்கான முழு உடல் ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பட்டைக் கவசம்) மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

காற்றாலை அண்ணன்:
தம்பி, அது வேண்டாம். நான் உடுமலைப் பக்கம் காற்றாலையில் கயிற்று வேலை பார்த்தவன். முதல் தடவை குகைக்குக் கிளம்பியபோது எனக்கும் இதே கஞ்சத்தனம்தான். அந்த ஹார்னஸின் வளையம் முதுகில் இருக்கும். விழுந்தால் பிடிக்கத்தான் அது, ஏறுவதற்கு அல்ல. வீட்டு மாமரத்தில் தொங்கிப் பார்த்தேன். கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி முகம் தரையைப் பார்த்தது, பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

குகைக்கென்றே உள்ள இடுப்பு ஹார்னஸ் வாங்குங்கள். இணைப்பு தொப்புளுக்குக் கீழே தாழ்வாக இருக்கும். அது தாழ்ந்தால்தான் ஒவ்வொரு எட்டுக்கும் உயரம் கிடைக்கும். அதோடு மார்பில் மாட்டும் கிரால், கையில் பிடிக்கும் ஜூமர் (இரண்டும் கயிற்றில் மேலே நகரும், கீழே வழுக்காமல் பல்லால் கவ்வும்), இறங்கும் கருவி. நாலும் புதிதாக 15,000க்குள் அடங்காது. உலோகச் சாமானைத் தெரிந்தவரிடம் பழையதாக வாங்கலாம். பல் மழுங்கியிருக்கிறதா, ஸ்பிரிங் சட்டென்று திரும்புகிறதா, கயிறு ஓடிய தடம் பள்ளமாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹார்னஸை மட்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வெயிலோ ஆசிடோ பட்டது கண்ணுக்குத் தெரியாது.

மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஜூமரில் தொங்கவிட்டு மிதிக்கும் கால் வளையத்தையும், கிராலை நிமிர்த்திப் பிடிக்கும் மார்புப் பட்டையையும் நீங்களே செய்துகொள்ளலாம். பாதுகாப்பு வால் இரண்டையும், அதாவது ஹார்னஸிலிருந்து உங்களை வேறொன்றில் மாட்டிக்கொள்ளும் குட்டைக் கயிறுகளை, இழுபடும் டைனமிக் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள், அதில் அதிகம் இழுபடாத ஸ்டேட்டிக் கயிறு கூடாது. சிறிது விழுந்தாலும் இடுப்பில் அடி விழும்.

கோடைக்காரி:
இறங்கும் கருவியில் எட்டு வடிவ டிசென்டர் மலிவாகக் கிடைக்கிறதே அண்ணா? அப்புறம் ஜூமருக்குப் பதில் 6 மி.மீ. கயிற்றில், பாரம் விழுந்தால் பெரிய கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் புரூசிக் முடிச்சு?

காற்றாலை அண்ணன்:
எட்டு வடிவக் கருவி கயிற்றை முறுக்கிவிடும். கயிற்றில் போட, எடுக்க அதை உடம்பிலிருந்து கழற்ற வேண்டும். நடுவில் கயிறு மாறும் இடத்தில் சேற்றுக் கையிலிருந்து நழுவினால் அவ்வளவுதான். கயிறு இரண்டு உருளைகளைச் சுற்றி வளைந்து போகும் பாபின் வகை வாங்குங்கள். புரூசிக் 1931லிருந்து இருக்கிற நல்ல முடிச்சு, ஆனால் சேறு படிந்த கயிற்றில் வழுக்கும், 30 மீட்டருக்கு விரல் வீங்கிவிடும். ஆபத்துக்கு இரண்டு வைத்துக்கொண்டால் போதும்.

மிளகுக்கொடி:
சரி அண்ணா. ஒத்திகைக்குக் குணா குகை போகலாமா? பக்கம்தான்.

கோடைக்காரி:
தயவுசெய்து வேண்டாம். வனத்துறை கம்பி போட்டு அடைத்திருக்கிறது, உள்ளே விழுந்து உயிர் போனவர்கள் உண்டு. அது மேகாலயா மாதிரி தண்ணீர் அரித்த சுண்ணாம்புக் குகையும் இல்லை, பாறை இடுக்கு. இங்கே கற்றது மேகாலயாவில் உதவாது. உங்கள் தோட்டத்து மரமே போதும்.

காற்றாலை அண்ணன்:
சில்வர் ஓக்கில் மட்டும் கட்ட வேண்டாம், கிளை பட்டென்று முறியும். பலாவோ மாவோ பாருங்கள். கயிற்றின் மறுமுனையைக் கீழே இன்னொருவர் தளர்த்தி உங்களை இறக்கும்படி கட்டுங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். ஏறும்போது நின்று, இறங்கும் கருவிக்கு மாறுவதைப் பத்துத் தடவையாவது பழகுங்கள்.

மிளகுக்கொடி:
ஞாயிற்றுக்கிழமை பலாவில் தொங்கினேன். முதலில் ஒரு எட்டுக்கு நாலு விரல்தான் ஏறியது. கால் வளையம் நீளம். நிமிர்ந்து நிற்கும்போது ஜூமர் கிராலுக்குச் சற்று மேலே வருகிற மாதிரி முடிச்சைச் சுருக்கினேன், மார்புப் பட்டையைக் கூன் விழுகிற அளவுக்கு இறுக்கினேன். அடுத்த தடவை ஒரு முழம். கீழே கயிறு பிடித்த அப்பா, "இதற்கு ஏணியே தேவலை" என்று மட்டும் சொன்னார். ஹெல்மெட் பற்றி யாரும் சொல்லவில்லையே?

காற்றாலை அண்ணன்:
மலையேற்ற ஹெல்மெட், ஈஎன் 12492 என்று அச்சிட்டிருக்கும். கட்டட ஹெல்மெட்டின் தாடைப்பட்டை இழுத்தால் விடுபடுகிற மாதிரி செய்தது. விளக்கு மூன்று, ஒன்று தலையில்.