யூ.எம். போகப்போற தங்கச்சியப் பத்தி ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, உண்மை என்னா?

செம்பனை_அண்ணன் (சுங்கை சிப்புட்):
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி எஸ்.டி.பி.எம். (யூனிவர்சிட்டிக்கு முந்தின மலேசியப் பரீட்சை)ல 3.5க்கு மேல எடுத்து, மலாயாப் பல்கலைக்கழகத்துல (யூ.எம்.) இந்திய ஆய்வியல் துறைக்கு ஆஃபர் வந்திருக்கு. யூ.பி.யூ. (அரசாங்க யூனிவர்சிட்டி விண்ணப்பம்)ல அவளே முதல் சாய்ஸா போட்டது. நான் எஸ்.பி.எம். (ஃபார்ம் 5 பரீட்சை)மோட நிறுத்திட்டு மில்லுல வேலை பார்க்கிறேன், எங்க வீட்டுல யூனிவர்சிட்டி வாசல மிதிக்கப்போற முதல் ஆளு அவதான். ஆனா ஆஃபர் வந்த நாள்லேர்ந்து தோட்டத்து லயத்து வீடுகள்ல ஒரே பேச்சு. கே.எல். (கோலாலம்பூர்) போனா பொம்பளப் புள்ள கெட்டுப் போயிடும், தமிழ் எடுக்கிறதெல்லாம் வேற கோர்ஸ் கிடைக்காததுங்க, தோட்டத்துப் புள்ளைங்க அங்க போனா இங்கிலீஷ் வராம மூலையில உட்கார்ந்துட்டுத்தான் வரும், இப்படியே. அப்பா கண்டுக்கல. அம்மாதான் கோயில்ல யாரோ சொன்னத கேட்டுட்டு வந்து சாப்பிடாம படுத்துட்டாங்க. பெரிய யூனிவர்சிட்டியில படிச்சவங்க உள்ளத உள்ளபடி சொல்லுங்க, அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.

பந்திங்_அக்கா:
தம்பி, நானும் தோட்டத்துல பிறந்தவதான், தமிழ்ப்பள்ளி, ரிமூவ் கிளாஸ் (தமிழ்ப்பள்ளி முடிச்சதும் இடைநிலைப்பள்ளியில ஃபார்ம் 1க்கு முன்ன படிக்கிற ஒரு வருஷம்), எஸ்.டி.பி.எம். எல்லாம் அதே பாதை. ஹாஸ்டல்ல என் ரூமேட் கிளந்தான் பொண்ணு. முதல் நாள் ராத்திரியே கேட்டுட்டா, நீங்க இந்தியர்கள் வீட்டுல எல்லாரும் குடிப்பீங்களான்னு. எனக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. எங்க அப்பா ஒரு சொட்டு தொட்டதில்ல. அதுக்கப்புறம் அவ தினமும் நான் தலைக்கு எண்ணெய் வச்சிட்டு வந்து உட்கார்ந்ததும் எழுந்து போய் ஜன்னல திறப்பா, மழை பெஞ்சாலும் திறப்பா. சரி, தேங்காய் எண்ணெய் வாசம் இவளுக்கு ஆகல, தோட்டத்துப் பொண்ணுன்னு அருவருப்பு படுறான்னு நானே முடிவு பண்ணி ரெண்டு வாரம் எண்ணெய் வைக்காம தலை காஞ்சு போய் திரிஞ்சேன். மூணாவது வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அவ மூச்சு விட முடியாம தலையணைக்கு அடியில பம்ப்ப தேடுறா, நான்தான் எடுத்துக் கொடுத்து முதுகத் தடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்துமா. ஜன்னல் திறந்தது அதுக்குத்தான். அவ என்னைய பத்தி நினைச்சதும் தப்பு, நான் அவள பத்தி நினைச்சதும் தப்பு. அப்புறம் அவ புடு (கிளந்தான் மீன் சாஸ்) பாட்டிலும் எங்க அம்மா சம்பலும் ஒரே அலமாரியில மூணு வருஷம் இருந்துச்சு. அம்மாகிட்ட இத வாசிங்க.

ஜொகூர்_எஞ்சினியரிங்:
அண்ணே நான் எல்லாம் பொய்னு சொல்ல மாட்டேன். பி.டி.பி.டி.என். (அரசாங்கப் படிப்புக் கடன்) அக்கவுண்ட்ல விழுந்ததும் வாழ்க்கையில முதல் தடவையா ஆயிரக்கணக்குல வெள்ளி (ரிங்கிட்) பார்த்த பசங்க, புது ஃபோன் வாங்கிட்டு செமஸ்டர் பாதியில மெகி கலக்கிச் சாப்பிட்டத நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். அது ஆம்பளப் பசங்கதான், ஆனா அவங்கள யாரும் கெட்டுப் போயிட்டான்னு சொல்றதில்ல, பொண்ணுன்னா மட்டும் போறதுக்கு முன்னாடியே சொல்லிடுறாங்க, எனக்கு அதுதான் கோவம். யூனிவர்சிட்டிக்குள்ளயும் முத்திரை குத்துறது நிறைய இருக்கு, மெட்ரிகுலேசன்ல (எஸ்.டி.பி.எம்.முக்குப் பதிலா இருக்கிற கோர்ஸ்) வந்தவன் சுலபமா வந்தவன், எஸ்.டி.பி.எம். காரன் புத்தகப் பூச்சி, எஞ்சினியரிங்னா குளிக்க மாட்டான், ஆர்ட்ஸ்னா தூங்கிட்டே பாஸ் பண்ணிடுவாங்க. தமிழ்ப் பசங்க கேண்டீன்ல ஒரே மேசையில கூட்டமா உட்காருவாங்கன்னும் சொல்வாங்க, அது உண்மைதான், நாங்களும் உட்கார்ந்தோம், முதல் செமஸ்டர்ல லெக்சர் பாதி புரியாது, நோட்ஸ யார்கிட்ட கேட்கிறது? இங்கிலீஷ் மெதுவா வந்துடும். தங்கச்சிய டுட்டோரியல்ல முதல் வாரமே ஒரு கேள்வியாவது கேட்கச் சொல்லுங்க, தப்பா கேட்டாலும் பரவால்ல, நாலு வாரம் வாயத் திறக்காம இருந்துட்டா அப்புறம் திறக்கவே வராது, எனக்கு அப்படித்தான் ஆச்சு.

ஓய்வு_ஆசிரியர்_தைப்பிங்:
தம்பி, அந்தத் துறைய பத்தி மட்டும் நான் சொல்றேன். 1950கள்ல மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ல இருந்துச்சு. அங்க இந்திய ஆய்வியல் துறை வருதுன்னதும் தமிழுக்கு அதுல உரிய இடம் வேணும்னு 'தமிழ் முரசு' பத்திரிகை ஆசிரியர் கோ. சாரங்கபாணி கிளம்பினார், நிதிக்கு 'தமிழ் எங்கள் உயிர்'னு பேர் வச்சு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். தோட்டம் தோட்டமா ஜனங்க கொடுத்தாங்க. எங்க அப்பா பால்மரம் சீவினவர், கையெழுத்துப் போடத் தெரியாது, அவரும் ஒரு வெள்ளி கொடுத்திருக்கார். சாகுற வரைக்கும் அத சொல்லிட்டே இருப்பார். 1956ல துறை தொடங்குச்சு, அப்புறம் கோலாலம்பூருக்கு வந்துச்சு. அதே துறையில தலைவரா இருந்த தனிநாயகம் அடிகள்தான் முன்னால நின்னு 1966ல முதல் உலகத் தமிழ் மாநாட்ட கோலாலம்பூர்ல நடத்தினார். வேற இடம் கிடைக்காததுங்க போற இடம்னு லயத்துல சொல்றாங்கல்ல, சொல்றவங்க தாத்தா பாட்டியும் அந்த ஒரு வெள்ளிய கொடுத்திருப்பாங்க, கேட்டுப் பாருங்க. உங்க தங்கச்சி முதல் சாய்ஸா போட்டான்னு படிச்சதும் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. என்கிட்ட படிச்ச ரெண்டு பேர் அங்க முடிச்சுட்டு இன்னைக்கு தமிழ் ஆசிரியரா இருக்காங்க.

செம்பனை_அண்ணன்:
ஐயா, அம்மாவுக்கு வாசிச்சேன். ஒரு வெள்ளி கதைய ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க. எங்க தாத்தாவும் கொடுத்திருப்பார்னு அப்பா சொல்றார், அவரு இப்போ இல்ல, கேட்க வழியில்ல. அக்கா, ஒன்னு மட்டும் சொல்லுங்க, ரிஜிஸ்டர் பண்ற நாள்ல அம்மாவ ரூம் வரைக்கும் விடுவாங்களா? அவ படுக்கிற கட்டில பார்த்துட்டா நிம்மதியா இருக்கும்கிறாங்க.

பந்திங்_அக்கா:
எங்க ஹாஸ்டல்ல அன்னைக்கு ஒரு நாள் மட்டும் விட்டாங்க தம்பி, அங்க எப்படின்னு ஆஃபர் லெட்டரோட வந்த பேப்பர்ல பாருங்க. காலையில சீக்கிரமே போயிடுங்க, கூட்டம் சேர்ந்துட்டா பார்க்கிங் கிடைக்காது. எனக்கு லிஃப்ட் இல்லாத பிளாக்ல நாலாவது மாடி கொடுத்தாங்க, வாளி, மெத்தை, பெட்டி எல்லாம் அண்ணன்தான் தூக்கினார். நீங்களும் லீவு போட்டு கூடப் போங்க.