சேலை வியாபாரத்துக்கு ஆப் போடறதா, இல்ல அந்தக் காசுல வேற ஏதாச்சும் பண்றதா?

இளம்பிள்ளை_சேலை:

வணக்கம்ங்க. நாங்க சேலம் பக்கம் இளம்பிள்ளை. நானும் எங்க வீட்டுக்காரரும் சேலை வியாபாரம் பண்றோம். சொந்தத் தறி கிடையாதுங்க, தறிக்காரங்ககிட்ட லாட்டா எடுத்து வாட்ஸ்அப் குரூப்லயும் இன்ஸ்டாலயும் போட்டு விக்கறோம். 4 வருசமா ஓடுது, சாதாரண நாள்ல 30, 40 பார்சல் போகும், தீபாவளி சமயத்துல நூத்தம்பது தாண்டிரும்.

போன தீபாவளிக்குத்தான் வினையே. ஒரு சாஃப்ட் சில்க் டிசைன், மொத்தமே 40 பீஸ். 6 குரூப்ல போட்டேன், எங்ககிட்ட வாங்கி வெளிய விக்கற ரீசெல்லர் அக்காங்க அதத் தூக்கி அவங்கவங்க குரூப்லயும் போட்டுட்டாங்க, நான் சமையல முடிச்சுட்டு வந்து போனப் பாக்கறதுக்குள்ள 67 பேரு பணம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டாங்க. அதுல 3 ஸ்கிரீன்ஷாட் போலி, அது தனிக்கதை. மீதி 24 பேருக்குப் பணத்தத் திருப்பி அனுப்பி முடிக்க 9 நாளு ஆச்சுங்க. நோட்டுல எழுதி எழுதி வச்சும் ரெண்டு பேருக்கு டபுளாப் போயிருச்சு, ஒருத்தங்க திருப்பிக் குடுத்தாங்க, இன்னொருத்தங்க எங்க நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. வாங்குன திட்டெல்லாம் இங்க எழுத முடியாது.

இப்ப ஒரு கம்பெனிக்காரங்க வந்து 4,80,000 ரூபாய்க்கு கொட்டேஷன் குடுத்துருக்காங்க. ஆண்ட்ராய்டு ஆப், ஐபோன் ஆப், வெப்சைட், ஏ.ஐ. சாட்பாட், வாங்க வாங்க ஏறற பாயின்ட்ஸ், அப்பறம் "இன்னும் 2 பீஸ்தான்"னு மேல ஓடற டைமர். கைல இருக்கறது ரெண்டு லட்சம், மீதிக்கு நகைய வைக்கணும். வீட்டுக்காரர் பண்ணிரலாம்ங்கறாரு, எனக்கு வயித்தக் கலக்குது. கஸ்டமர் திட்டாம இருக்கணும், வாங்குனவங்க மறுபடி வரணும், அவ்வளவுதான் வேணும். எத மொதல்ல பண்றதுங்க?

பின்முனை:

அக்கா, மொதல்ல அந்த நகைய பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டுங்க. நான் சென்னைல இந்த மாதிரி ஆன்லைன் கடைங்களுக்கு பின்னாடி ஓடற சிஸ்டம் எழுதற ஆளு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன்.

40 பீஸ்ங்கற கணக்கு ஒரே எடத்துல இருந்துருந்தா உங்களுக்கு அந்த 9 நாள் வந்துருக்காது. ஆப் போட்டாலும் நீங்க 6 குரூப்ல தனியா, இன்ஸ்டால தனியா வித்துட்டு ஆப்ல மட்டும் ஸ்டாக் காட்டுனா அதே கதைதான் நடக்கும். அதனால வெப்சைட் ஒண்ணே ஒண்ணு போதும், குரூப்ல போட்டோவோட அந்த சேலை பேஜோட லிங்கப் போடுங்க, "வேணும்னா லிங்க்ல போய் எடுத்துக்கோங்க, மெசேஜ்ல புக்கிங் இல்ல"ன்னு கறாரா சொல்லிருங்க. மொத ஒரு மாசம் எல்லாரும் முணுமுணுப்பாங்க, அப்பறம் பழகிரும். வூகாமர்ஸ், ஷாப்பிஃபை மாதிரி ரெடிமேடா இருக்கற ஆன்லைன் கடை சாஃப்ட்வேர்ல ஒண்ண எடுத்தாப் போதும், புதுசா எழுத வேண்டிய அவசியமே இல்ல.

அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கடைசிப் பீஸ ஒருத்தர் எடுத்து பேமெண்ட் பக்கத்துக்குப் போனதும் அந்தப் பீஸ கொஞ்ச நேரத்துக்கு ஒதுக்கி வைக்கணும், இல்லன்னா ரெண்டு பேரு ஒரே சேலைக்குப் பணம் கட்டுவாங்க. வூகாமர்ஸ்ல இந்த நேரம் டிஃபால்ட்டா 60 நிமிசம். தீபாவளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி வச்சா பீஸு எவன் கையிலயும் இல்லாம தூங்கும், 15 நிமிசமாக் குறைங்க. அதுக்கப்பறம் லேட்டா வந்து விழற பணம் தானா திரும்பிப் போற மாதிரி செட் பண்ணச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இத கொட்டேஷன்காரர்கிட்ட கட்டாயம் கேளுங்க, அவர் முழிக்கற முழியிலயே ஆளு தேறுவாரா மாட்டாரான்னு தெரிஞ்சுரும். கஸ்டமர் யூபிஐல பணத்தப் போட்டுட்டு பிரவுசர மூடிட்டாங்க, இல்ல சிக்னல் போயிருச்சு, திரும்ப உங்க சைட்டுக்கு வரவே இல்ல. அப்ப ஆர்டர் என்ன ஆகும்? பணம் வந்த சேதிய பேமெண்ட் கேட்வே, அதாவது கஸ்டமர்கிட்ட ஆன்லைன்ல பணத்த வாங்கி உங்களுக்குச் சேக்கற கம்பெனி, உங்க சர்வருக்கு நேரா அனுப்பும், வெப்ஹுக்னு சொல்வோம், அத வச்சுத்தான் ஆர்டர உறுதி பண்ணணும். கஸ்டமர் திரும்பி வந்து "நன்றி" பக்கத்தப் பாத்தாத்தான் ஆர்டர் ஆகும்னு எழுதிருந்தா, பணம் போச்சு சேலை வரலங்கற சண்டை டெய்லி வரும். அந்த சேதி சில சமயம் ரெண்டு தடவ வரும், ரெண்டாவது தடவய கண்டுக்காம விடத் தெரியணும், இல்லன்னா ஒரு ஆளுக்கு ரெண்டு பார்சல் கிளம்பும். போலி ஸ்கிரீன்ஷாட் தொல்லையும் இதோட ஒழிஞ்சுரும், ஏன்னா யாரும் உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டிய வேலையே இல்ல. கேட்வேக்காரங்க 2 சதவீதம் ஒட்டிப் புடிப்பாங்க, அத விலைல கணக்குப் போட்டுக்கோங்க.

பெரிய ஆளுங்களே இதுல மாட்டிருக்காங்கக்கா. 2014 அக்டோபர் 6ல ஃபிளிப்கார்ட் மொத தடவ பிக் பில்லியன் டேங்கற தள்ளுபடி விற்பனைய நடத்துனப்ப கிட்டத்தட்ட 5,000 சர்வர் வச்சு எப்பவும் வர்றத விட 20 மடங்கு கூட்டத்துக்கு ரெடியா இருந்தோம்னு சொன்னாங்க, அப்படியும் படுத்துருச்சு. மறுநாள் ஓனருங்க ரெண்டு பேரும் கஸ்டமருங்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுனாங்க, அதுல சைட் படுத்தது மட்டும் இல்ல, ஸ்டாக் இல்லாமப் போனது, ஆர்டர் கேன்சல் ஆனது எல்லாம் இருந்துச்சு. உங்க 24 பேரு கதையேதான், சைஸுதான் வேற.

ஈரோட்டு_பெட்ஷீட்:

தம்பி சொன்னது சரி. ஆப் விசயத்துல நான் ஒண்ணு சொல்றேன். மிந்த்ரா தெரியும்ல, துணிக்குன்னே இருக்கற கம்பெனி, 2015 மே மாசம் வெப்சைட்ட மூடிட்டு ஆப்ல மட்டும்தான் விப்போம்னு போனாங்க. 2016 ஜூன்ல வெப்சைட்டத் திரும்பத் தொறந்துட்டாங்க. அவங்களுக்கே அந்த கதின்னா, வருசத்துக்கு நாலு சேலை எடுக்கறவங்க போன்ல உங்க ஆப்புக்கு எடம் எங்கிருந்துங்க வரும்? எங்கூட்ல மாமியார் போன்ல குட்மார்னிங் போட்டோவுக்கே எடம் பத்தல.

சி.ஓ.டி., அதான் பார்சல் கைக்கு வந்தப்பறம் பணம் குடுக்கறது, அதப் போடுவீங்களான்னு நீங்க சொல்லல. போட்டா யோசிச்சுப் பண்ணுங்க. நான் ஆரம்பத்துல எல்லா ஊருக்கும் சி.ஓ.டி. தொறந்து விட்டேன், பார்சல் போகும், அங்க வீட்டுல ஆளு இருக்க மாட்டாங்க, இல்ல "நான் ஆர்டரே போடலையே"ம்பாங்க, திரும்பி வரும், போற சார்ஜும் நம்மது வர்ற சார்ஜும் நம்மது. பெட்ஷீட்டு கனம் வேற. கூரியர்காரன் எடைய மட்டும் பாக்க மாட்டான், டப்பாவோட நீள அகல உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ல வகுத்து எது ஜாஸ்தியோ அதுக்குக் காசு வாங்குவான். பெரிய டப்பாவுல சேலைய வச்சு அனுப்பாதீங்க, கவரே போதும். இப்ப நான் 100 ரூபா முன்பணம் வாங்கிட்டுத்தான் சி.ஓ.டி. தர்றேன், விளையாட்டு ஆர்டரு எல்லாம் அதோட நின்னுருச்சு. மொத்தமா சி.ஓ.டி. இல்லன்னு மட்டும் சொல்லிராதீங்க, புதுசா வர்றவங்க நம்பி முன்னாடியே பணம் போட மாட்டாங்க, அதுல தப்பும் இல்ல.

கோவில்பட்டி_டீச்சர்:

நான் விக்கற ஆளு இல்ல, வாங்குற ஆளு. மாசம் ஒண்ணாவது இப்படி ஆன்லைன்ல எடுத்துருவேன், வீட்ல ஏச்சு வாங்கிக்கிட்டே. அதனால என் பக்கத்தக் கொஞ்சம் கேளுங்க.

எனக்கு பாயின்ட்ஸும் வேண்டாம் சாட்பாட்டும் வேண்டாம். பணம் போட்ட ஒடனே "வந்துட்டு"ன்னு ஒரு வார்த்த. பார்சல் போட்ட அன்னைக்கு டிராக்கிங் நம்பர், நான் கேக்காமலே. ரெண்டு நாள்ல வரும்னு சொல்லிட்டு ஆறாவது நாள் கொண்டு வாரதுக்கு, ஆறு நாள் ஆகும்னே சொல்லிட்டா நான் சும்மாதானே இருக்கப் போறேன். தங்கச்சி வளைகாப்புக்குன்னு ஒரு எடத்துல எடுத்தேன், தேதியும் சொல்லித்தான் எடுத்தேன், வளைகாப்பு முடிஞ்சு மூணு நாள் கழிச்சு வந்து நிக்குது. போன் போட்டா எடுக்கல. ஒரு மெசேஜ் முன்னாடியே போட்டுருந்தா கடைத்தெருவுல போய் எடுத்துருப்பேன், அந்தக் கடை மேல கோவமும் வந்துருக்காது.

அப்பறம் கலரு! போட்டோல மயில் கழுத்துக் கலரா இருக்கும், பிரிச்சா பாசி பிடிச்ச பச்சை. டியூப் லைட்டுல எடுத்து மேல ஃபில்டர் வேற போடுறீங்க. காலைல வெளிச்சத்துல சன்னல் பக்கத்துல வச்சு எடுங்க, துணிக்கு அடியில கைய வச்சுக் காட்டுங்க, எவ்வளவு மெல்லிசுன்னு தெரியட்டும். முந்தியும் பிளவுஸ் பிட்டும் தனித்தனியா காட்டணும். நீளம் எழுதுங்க, சேலை அஞ்சரை மீட்டர், பிளவுஸ் 80 சென்டிமீட்டர்னு, சில பேரு பிளவுஸையும் சேத்தே அஞ்சரைன்னு அனுப்புறாங்க, கொசுவம் வைக்கத் துணி பத்தல.

இந்த "அன்பாக்சிங் வீடியோ இல்லன்னா ரிட்டர்ன் இல்ல" போர்டும் அப்படித்தான். ஒரு கைல கத்தரிக்கோல், ஒரு கைல போன், மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?

ஆடிட்டர்_ஆபீஸ்_பையன்:

டீச்சர் சொன்ன கடைசி விசயத்துக்கு சட்டமே இருக்குங்க. 2020 ஜூலைல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள் இருக்கே, அதுப்படி ஆன்லைன்ல விக்கறவங்க டேமேஜான பொருள், படத்துல சொல்லிருக்கறதுக்கு மாறான பொருள், சொன்ன தேதிக்கு மேல லேட்டா வந்த பொருள், இதெல்லாம் திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்லக் கூடாது. வீடியோ கேக்கறது சண்டையத் தீத்துக்க உதவும், ஆனா அது இல்லங்கறத மட்டும் சாக்கா வச்சுத் தட்டிக் கழிக்க முடியாது. புகார் கேக்க ஒரு ஆள் பேரும் நம்பரும் சைட்ல போட்டுருக்கணும், புகார் வந்தா 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு பதில், ஒரு மாசத்துல தீர்வு. சின்னக் கடையில அந்த ஆள் நீங்களாத்தான் இருப்பீங்க, பரவால்ல.

அந்த டைமர் இருக்கு பாருங்க, உண்மையிலயே 2 பீஸ் இருந்தா காட்டுங்க. 30 பீஸ வச்சுக்கிட்டு 2ன்னு காட்டறது பொய் அவசரம், 2023 நவம்பர்ல மத்திய அரசு தடை பண்ண 13 வகை தில்லுமுல்லுல அதுவும் ஒண்ணு. கடைசி ஸ்டெப்ல திடீர்னு பேக்கிங் சார்ஜ் சேக்கறதும் அதே லிஸ்ட்லதான் வருது.

பெங்களூருக்கெல்லாம் பார்சல் போகுதுன்னா ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாத்துக்கோங்க. வருசத்துக்கு 40 லட்சம் வரைக்கும் வித்தா ஜிஎஸ்டி பதிவு வேண்டாம்ங்கற வரம்பு, வெளி மாநிலத்துக்கு சரக்கு விக்கறவங்களுக்குப் பொதுவாப் பொருந்தாது. கேட்வேக்காரங்க கணக்கு ஆரம்பிக்கறப்பவே பேப்பர் கேப்பாங்க.

இளம்பிள்ளை_சேலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டீச்சரம்மா, மயில் கழுத்துக் கலர் நாங்க அனுப்புனது இல்லையே? படிச்சதும் பக்குன்னு ஆயிருச்சு. அந்த வீடியோ போர்டு எங்க இன்ஸ்டாலயும் இருக்குதுங்க, இன்னைக்கு எடுத்தர்றேன்.

வீட்டுக்காரர்கிட்ட இத அப்படியே படிச்சுக் காட்டுனேன், மிந்த்ரா கதைல கொஞ்சம் எறங்கி வந்துருக்காரு. ஆப் வேண்டாம்ங்கறதுல இப்ப ரெண்டு பேரும் ஒண்ணு. ஆனா ஒரு சிக்கலு இருக்குங்க, எங்க யாவாரத்துல பாதி ரீசெல்லர் அக்காங்க மூலமாத்தான். லிங்கக் குடுத்தா அவங்க கஸ்டமரு நேரா எங்ககிட்ட வந்துருவாங்க, விலையும் தெரிஞ்சுரும், எங்க பொழப்பு என்னாகறதுன்னு இப்பவே ரெண்டு பேரு கேட்டுட்டாங்க. அவங்க கேக்கறதும் நாயந்தானுங்களே. இன்னொண்ணு, ரீஃபண்ட் அனுப்பறது இதுல எப்படி?

பின்முனை:

ரீஃபண்ட் கேட்வேலயே ஒரு பட்டன்தான்கா, எந்தப் பேமெண்டுக்குன்னு அதுவே கட்டி வச்சுக்கும், அதனால டபுளாப் போகாது. கஸ்டமர் பேங்க்ல ஏற 5, 7 வேலை நாள் ஆகலாம், அத அன்னைக்கே சொல்லி, அந்த ரெஃபரன்ஸ் நம்பரையும் அனுப்பிருங்க, யூபிஐன்னா 12 இலக்கம் இருக்கும். அந்த நம்பர் கைல இருந்தா அவங்க பேங்க்ல கேட்டுக்குவாங்க, உங்களப் புடிச்சுத் தொங்க மாட்டாங்க. பணம் அவங்க கணக்குல கழிஞ்சு உங்களுக்கு உறுதியே வரலன்னா அது வேற கேஸு, 2019ல ரிசர்வ் பேங்க் போட்ட உத்தரவுப்படி 5 நாளுக்குள்ள தானாத் திரும்பணும், அதத் தாண்டுனா கஸ்டமருக்கு நாளுக்கு 100 ரூபா. பல பேருக்கு இது தெரியாது, நீங்களே எடுத்துச் சொன்னா நல்ல பேரு உங்களுக்கு.

ரீசெல்லருக்குத் தனித்தனி லாகின் குடுக்கலாம், உள்ள வந்தா அவங்க விலை தெரியும், வெளிய பாக்கறவங்களுக்கு வெளி விலை. அவங்க ஆர்டர் போட்டு கஸ்டமர் அட்ரஸக் குடுப்பாங்க, ஸ்டாக் அதே 40லதான் குறையும்.

ஈரோட்டு_பெட்ஷீட்:

நான் பார்சல் மேல அவங்க கடை பேரையும் நம்பரையும் ஸ்டிக்கரா ஒட்டி அனுப்பிருவேன். அப்படியும் ரெண்டு பேரு கோவிச்சுட்டுப் போனாங்க, ஒருத்தங்க திரும்ப வந்துட்டாங்க, இன்னொருத்தங்க வரவே இல்ல. அது இல்லாம முடியாது பாத்துக்கோங்க.

இளம்பிள்ளை_சேலை:

சரிங்கண்ணா. செவ்வாய்க்கெழம கொட்டேஷன்காரர் வர்றாரு, வெப்சைட் மட்டும்னா எவ்வளவு, பிரவுசர மூடிட்டா ஆர்டர் என்னாகும், இந்த ரெண்டையும் கேட்டுட்டு வந்து எழுதறேன். ரீசெல்லர் அக்காங்கள ஞாயித்துக்கெழம வீட்டுக்கே கூப்புட்டுருக்கேன், பஜ்ஜி போட்டுக் குடுத்துட்டுத்தான் இந்தப் பேச்ச எடுக்கணும்.