சட்டகம் இல்லாத முதுகுப்பை: சுமையை இடுப்புக்கு இறக்குவது எப்படி?

நண்பர்களே, மலையேற்றத்துக்குச் சட்டகம் இல்லாத, அதாவது உள்ளே பையை விறைப்பாகத் தாங்கும் கம்பியோ தகடோ இல்லாத, எடை குறைந்த முதுகுப்பை ஒன்றைப் பயன்படுத்துகிறேன். மொத்தச் சுமை 8 கிலோவுக்குள் இருக்கும்வரை பை முதுகில் இருப்பதே தெரிவதில்லை. தண்ணீரும் சில நாள்களுக்கான உணவும் சேர்ந்து 11 கிலோவைத் தொட்டால் நிலைமை தலைகீழ். இடுப்புப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் சற்று நேரத்தில் பை நடுவில் மடிந்து, பாரம் முழுவதும் தோளுக்கு வந்துவிடுகிறது. கழுத்தடி விண்விண்ணென்று தெறிக்கிறது.

அளவில் குறை இல்லை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான இடம்வரை 46 செ.மீ.; பையும் அதற்கேற்றதுதான். பட்டை அந்த விளிம்பைக் கவ்வியே உட்காருகிறது. கனமான பொருள்களை முதுகை ஒட்டி, நடு உயரத்தில் வைக்கிறேன். இருந்தும், நடந்த பிறகு பக்கவாட்டில் எடுத்த படத்தில் தோள்வார் தைத்த இடம் இரண்டு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது.

படுக்கும் நுரைப்பாயை மடித்து முதுகுப் பக்கம் செருகிப் பார்த்தேன். விறைப்பு கூடுகிறது, ஆனால் வியர்வையில் சட்டை தொப்பலாக நனைகிறது. தோளுக்கு மேலிருந்து பையை இழுத்துப் பிடிக்கும் சிறுவார்களால் இங்கே பயனில்லை என்பது என் எண்ணம். அவை இழுக்க உறுதியான சட்டகம் வேண்டுமே.

இத்தகைய பையில் அலுமினியப் பட்டைகளைச் செருகித் தைத்தவர்கள் இருக்கிறீர்களா? அவற்றின் கீழ்முனை இடுப்புப் பட்டையோடு எப்படி இணைய வேண்டும்? அல்லது கூடுதல் எடையைப் பொறுத்துக்கொண்டு சட்டகப் பைக்கே மாறிவிடலாமா? ஒல்லியான இடுப்பு உள்ளவர்களின் அனுபவம் எனக்கு மிகவும் உதவும்.