புதுப்பிப்பு: ஏர் ரைபிளில் பைபாட் எங்கே மாட்டுவது?

என் பிசிபி ஏர் ரைபிளுக்கு (சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த காற்றால் சுடும் வகை, 4.5 மி.மீ) பைபாடை, அதாவது ரைபிளைத் தாங்கும் இரட்டைக் காலை, காற்று சிலிண்டரில் கவ்வ விடுவதா, கட்டையின் (ரைபிளைப் பிடிக்கும் உடல் பகுதி) முன்பகுதியில் மாட்டுவதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கட்டையில்தான் மாட்டினேன்.

முதலில் சிலிண்டரிலும் வைத்துப் பார்த்தேன். காற்றழுத்தம் இறங்க இறங்க, குண்டு விழும் இடமும் மெல்ல நகர்ந்தது. சிலிண்டரில் விழும் பாரம் பேரலையும் (குண்டு வெளியேறும் குழல்) தொடுகிறது என்பதே காரணம். கட்டையின் அடியில் சிறிய பிக்கடின்னி ரெயில் (துணைக்கருவிகளை மாட்டும் பள்ளம் வெட்டிய பட்டை) ஒன்றைத் திருகி அதில் பைபாடை மாட்டியதும் அந்தத் தொல்லை நின்றது. பேரலை எதுவும் தொடக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களிலும் பேரலைத் தொடாத ஹேண்ட்கார்டில் (பேரலைச் சுற்றியுள்ள கைப்பிடி உறை) பைபாடைப் பூட்டுவது இதற்காகத்தான்.

அப்புறம், நம்ம கிருஷ்ணகிரி கிரானைட் பலகை மேல் வைத்துச் சுடுபவர்கள் கவனிக்கவும். கல் கெட்டி, பைபாட் கால் துள்ளும். மடித்த சாக்கு ஒன்றை விரித்துவிட்டு, தோளால் ரைபிளை லேசாக முன்னே தள்ளிப் பிடியுங்கள். 25 மீட்டரில் குண்டுகள் விழும் வட்டம் நன்றாகச் சுருங்கியது, எனக்கு அத்தனை சந்தோஷம்!

ஸ்பிரிங் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லமாட்டேன். அது உதைக்கிற விதமே வேறு, கையில் தளர்வாகப் பிடிப்பதே நல்லது.

போட்டிக்குப் போகிற தம்பிகளுக்கு: 10 மீட்டர் ஏர் ரைபிளில் பைபாட் கிடையாது, நின்றுதான் சுட வேண்டும். பைபாடுக்கான பிரிவு எஃப்-டிஆர் (தோட்டா ரைபிளால் படுத்தபடி நெடுந்தூரம் சுடும் போட்டிப் பிரிவு). அதில் பைபாடும் சேர்த்து ரைபிள் 8.25 கிலோவைத் தாண்டக் கூடாது.