மூவர் சேர்ந்து அடித்தால் ஓரடியா, மூன்றடியா? ஏழாம் விதி பற்றிய வழக்கு

கட்டபெட்டு வாசகன்

கோத்தகிரியில் மாதம் ஒருமுறை கூடி நாங்கள் ஆடும் கற்பனைக் கதையாட்டத்துக்கு விதிகள் நான்கே பக்கம். புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு பாத்திரம் உண்டு. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். சண்டையில் அடி பட்டதா இல்லையா என்று பார்க்கத் தனிப் பகடை கிடையாது. எல்லா அடியும் படும். ஆறுமுகப் பகடையில் விழுந்த எண்ணிலிருந்து எதிரியின் கவசத்தைக் கழித்து மிஞ்சுவதே காயம். காயம் முதலில் உயிர்ப்புள்ளியைக் குறைக்கும். அது தீர்ந்தபின் வலிமையைத் தின்னத் தொடங்கும். வலிமை குறைந்தால் மூன்று பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை மிச்சமிருக்கும் வலிமைக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஆள் விழுந்துவிடுவார்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஏழாம் விதி இப்படி இருக்கிறது: "ஒரே எதிரியைப் பலர் தாக்கினால் அனைவரும் பகடை உருட்டிப் பெரிய எண்ணை மட்டும் கொள்க." சென்ற ஆட்டத்தில் மூங்கில் பாலத்தின் மறுமுனையை ஒரு கல்லெருமை மறித்து நின்றது. அதன் கவசம் 2, உயிர்ப்புள்ளி 12. மின்சாரம் போயிருந்ததால் மெழுகுவத்தி வெளிச்சத்தில், எவர்சில்வர் தட்டில் ஒருவர் பின் ஒருவராக உருட்டினோம். முதலில் தோழியின் வாளுக்கு 6, அடுத்து என் ஈட்டிக்கு 5, கடைசியாக இன்னொரு நண்பருக்கு 4. ஆட்டத்தை நடத்திய அரவேணு அண்ணன் ஆறை மட்டும் எடுத்து, இரண்டைக் கழித்து, எருமைக்கு நான்கு காயம் என்று எழுதிக்கொண்டார். அடுத்த சுற்றில் அது என்னைப் பாலத்திலிருந்து தூக்கி எறிந்தது. எறிந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. என் ஐந்தும் நண்பரின் நான்கும் எங்கே போயின என்பதுதான் கேள்வி. விதியை நாங்கள் சரியாகப் படித்தோமா, அல்லது விதியே பிழையா?

குந்தா மூடுபனி

விதியே பிழை என்பது என் கருத்து. மூன்று பேர் அடித்தார்கள், மூன்று அடியும் பட்டது என்று விதிநூலே சொல்கிறது. அப்படியிருக்க இரண்டு அடிகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் அவை பட்டதற்கு என்ன பொருள்? 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி இந்த வகை ஆட்டங்களில் பெரும்பாலானவை ஒவ்வொருவர் அடியையும் தனித்தனியே கழிக்கின்றன. ஒவ்வோர் அடிக்கும் கவசத்தைத் தனியாகக் கழித்தாலும் எருமைக்கு 4, 3, 2 என்று ஒன்பது காயம் பட்டிருக்கும். அதன் பன்னிரண்டு உயிர்ப்புள்ளியில் மூன்றே மிஞ்சியிருக்கும்.

பகடைக்காரி

குன்னூரில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருபவள் என்பதால் எண்களிலிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பகடையின் சராசரி 3.5. இரண்டு பகடைகளில் பெரியதை மட்டும் எடுத்தால் சராசரி 4.47, மூன்றில் 4.96, நான்கில் 5.24. ஆகவே கூட வந்து அடிப்பவரின் அடி வீணாவதில்லை. அவர் எண்ணிக்கையைக் கூட்டாமல் நல்ல அடி விழும் வாய்ப்பைக் கூட்டுகிறார். ஒருவர் உருட்டினால் ஆறு விழும் வாய்ப்பு நூற்றுக்குப் பதினேழு; மூவர் உருட்டினால் நாற்பத்திரண்டு.

குந்தா நண்பர் காட்டிய எடுத்துக்காட்டிலேயே ஒரு செய்தி விட்டுப்போயிருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் காயப் பகடைக்கு முன்னால் அடி படுகிறதா என்பதற்கு இருபதுமுகப் பகடை ஒன்று உருட்டப்படுகிறது. பாதி அடிகள் தவறுவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஆளின் சராசரிக் காயம் 3.5 அன்று, 1.75. அப்படி மூவர் சேர்ந்தால் 5.25. நம் ஏழாம் விதி மூவருக்குத் தரும் 4.96ஐ அதனோடு வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ ஒன்றுதான். தவறும் அடிகளை அவர்கள் முதல் பகடையில் வடிகட்டுகிறார்கள், நாம் கடைசியில் வடிகட்டுகிறோம். வடிகட்டியையும் எடுத்துவிட்டுக் கூட்டவும் செய்தால் மூவருக்குச் சராசரி 10.5 வரும்; அது அவர்கள் கணக்கும் அன்று, நம் கணக்கும் அன்று.

குந்தா மூடுபனி

கணக்கு சரி, அக்கா. ஆனால் மூவரோடு நிறுத்திக்கொண்டீர்கள். நால்வர் என்றால் அங்கே 7, இங்கே 5.24, ஆள் கூடக் கூட இடைவெளி வளர்கிறது. முதுமலையில் செந்நாய்க் கூட்டம் மானை வீழ்த்துவதைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மான் சாய்வது ஏதோ ஒரு நாயின் சிறந்த கடியால் அன்று, எல்லாக் கடிகளும் சேர்ந்ததால். கூட்டத்தின் வலிமையைச் சொல்லாத சண்டை விதி மலைக்காட்டுக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு, எனக்கு அதுவே பெரிது. மாதம் ஒருமுறை மூன்று மணி நேரம் ஆட வருகிறோம். ஒரு சுற்று திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தச் சுற்றில் ஒருவர் பகடையை உருட்டி, அது எதற்கும் உதவவில்லை என்று கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்றால், அவர் அடுத்த மாதம் ஏன் பேருந்து ஏறி வர வேண்டும்?

பகடைக்காரி

செந்நாயை நீங்களே அழைத்து வந்தது நல்லதாயிற்று. விதி நமக்கு மட்டுமா, எதிரிக்கும்தானே? நான்கு செந்நாய்கள் வாசகனின் பாத்திரத்தைச் சூழ்ந்துகொள்கின்றன என்று வையுங்கள். கவசம் இல்லை, உயிர்ப்புள்ளி 4, வலிமை 10. புதிய பாத்திரத்துக்கு இயல்பாக அமையும் எண்கள் இவை.

கூட்டும் விதிப்படி சராசரிக் காயம் 14. நான்கு உயிர்ப்புள்ளியில் போக, பத்து வலிமையும் போய்ச் சுழியத்தில் நிற்கும். முதல் சுற்றிலேயே ஆள் இறந்துவிடுகிறார். பகடை உருட்டிப் பிழைக்கும் வாய்ப்புகூட அவருக்கு இல்லை. ஏழாம் விதிப்படி காயம் ஐந்து என்று கொண்டால், நான்கு உயிர்ப்புள்ளியும் தீர்ந்து வலிமை ஒன்பதாகக் குறையும். மூன்று பகடைகளை உருட்டி ஒன்பதுக்குள் அடங்கும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பத்தேழரை. பிழைப்பது அரிது, ஆனால் முடியும். விழுந்தாலும் தோழர்கள் இழுத்துச் சென்று காப்பாற்ற ஒரு சுற்றாவது கிடைக்கும். நம் ஆட்டத்தின் பதற்றமெல்லாம் அந்த முப்பத்தேழரையில்தான் இருக்கிறது.

வீரர்களுக்குக் கூட்டல், விலங்குகளுக்குப் பெரிய எண் என்று இரண்டு விதி வைக்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: அது ஆட்டமில்லை, சலுகை.

உழிஞை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பகடைக் கணக்கு அறியாதவன். ஆயினும் ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். பதினைந்து ஆடுகளும் சேர்ந்தாலும் ஒரு புலியை வெட்ட முடியாது. அதற்கு விதியில் இடமே இல்லை. ஆனால் வழியை அடைத்து அதை அசையவிடாமல் செய்யலாம். திண்ணையில் ஆடிய எந்தக் கிழவரும், என் ஆட்டின் அடி எங்கே போயிற்று என்று கேட்டதில்லை. எண்ணிக்கைக்கு வலிமை உண்டு. அந்த வலிமை காயமாகத்தான் வெளிப்பட வேண்டும் என்பதில்லை.

ஒரு சிறு குறிப்பு. தன் படை உடைந்து ஓடும்போது ஒருவன் மட்டும் பின்னணியைத் தாங்கி நின்று பொருவதைத் தும்பைத் திணையில் எருமை என்றே நம் இலக்கணத்தார் பெயரிட்டார்கள். பாலத்தில் தனியே மறித்து நிற்க எருமையைத் தேர்ந்தவர் அதை அறிந்து செய்தாரோ என்னவோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

அரவேணு

ஐயா, அறிந்து செய்யவில்லை. அன்று காலை தேயிலைச் சரிவில் ஒரு காட்டெருமை பாதையை மறித்துக்கொண்டு நின்றதால் ஆட்டத்துக்கே அரை மணி நேரம் தாமதமாக வந்தேன். அந்த எரிச்சல்தான் பாலத்தில் போய் நின்றது.

நான்கு பக்கங்களையும் எழுதியவன் என்ற முறையில் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. இரண்டு நாள்களாக எழுதாததற்குக் காரணம், மூலத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நம் விதிகள் பெரும்பாலும் 2020இல் யோகாய் கால் வெளியிட்ட கேர்ன் என்னும் சிறு விதிநூலைத் தழுவியவை. யாரும் மாற்றி எழுதிக்கொள்ளலாம், மாற்றியதையும் அதே உரிமையோடு வெளியிட வேண்டும் என்பது அதன் உரிமம். அதனால்தான் துணிந்து தமிழில் எழுதினேன். அதில் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடை மாறும். கோத்தகிரிக் கடைகளில் லூடோப் பெட்டியைக் கிழித்தால் கிடைக்கும் ஆறுமுகப் பகடையைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்பதால் எல்லாவற்றையும் ஆறுமுகத்துக்குக் கொண்டுவந்தேன். அது தெரிந்தே செய்தது.

தெரியாமல் செய்த ஒன்றும் இருக்கிறது. பலர் தாக்கும்போது பெரிய எண்ணை மட்டும் கொள்ள வேண்டும் என்ற வாக்கியத்தை அடுத்து, எல்லாச் செயல்களும் தீர்க்கப்படுவதற்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும் என்று மூலத்தில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. நான்கு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்ற ஆசையில் அந்த வாக்கியத்தை நான்தான் வெட்டினேன். யாருக்கும் அது தோன்றாமலா போகும் என்று அப்போது நினைத்தேன். மேசையில் எனக்கே தோன்றவில்லை.

வாசகன் தம்பி எழுதியதை மறுபடி படியுங்கள். ஒருவர் பின் ஒருவராக உருட்டினோம் என்கிறார். தோழியின் பகடை ஆறில் நின்றது. ஆறுக்கு மேல் பகடையில் எண் இல்லை. அந்த நொடியிலிருந்து மற்ற இருவர் உருட்டுவதும் உருட்டாததும் ஒன்றுதான். அது தெரிந்தும் தட்டை அவர்கள் பக்கம் தள்ளினேன். குந்தா நண்பர் சொன்ன மனக்குறை அங்கேதான் பிறந்தது. முன்கூட்டியே மூவரையும் கேட்டிருந்தால், ஒருவர் கொம்பைப் பிடித்துத் தொங்குகிறேன் என்றிருப்பார், ஒருவர் மெழுகுவத்தியை அதன் கண்ணருகே நீட்டுகிறேன் என்றிருப்பார். கொம்பில் ஒருவர் தொங்கும் எருமையால் இன்னொருவரைத் தூக்கி எறிய முடியாது என்று நானும் தீர்ப்பளித்திருப்பேன். அதற்கு விதி தேவையில்லை.

ஆகவே ஏழாம் விதி பிழையில்லை, பாதி விதி. மூலத்தில் பாத்திரம் ஒன்று இரண்டு ஆயுதங்களை ஏந்தினாலும் இதே கணக்குதான்: இரண்டு பகடை, பெரிய எண் மட்டும். கவசம் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்: பெரிய எண்ணைத் தேர்ந்தபின் ஒரே ஒருமுறை கழிக்க வேண்டும்.

கட்டபெட்டு வாசகன்

நன்றி, அண்ணா. கொம்பைப் பிடிப்பதாகவே நான் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. ஈட்டியை விடக் கைகள் அங்கே பயன்பட்டிருக்கும். ஆனாலும் ஒரு ஐயம் மிஞ்சுகிறது. மூவரும் அடிப்பதாகவே முன்கூட்டி அறிவித்து, ஆளுக்கொரு பகடையை ஒரே நேரத்தில் தட்டில் போட்டு, மீண்டும் 6, 5, 4 விழுந்தால்?

பகடைக்காரி

அப்போதும் நான்கு காயம்தான். ஆனால் அப்போது எந்தப் பகடை யாருடையது என்று நீங்கள் பார்க்க மாட்டீர்கள், தம்பி. மூன்றும் ஒன்றாக உருண்டு ஒன்றாக நிற்கும். ஆறு மூவருக்கும் சொந்தம். வகுப்பில் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். தனித்தனியே உருட்டினால் சண்டை, சேர்த்து உருட்டினால் கூச்சல்.

குந்தா மூடுபனி

அறிவிப்பு முன்னே வர வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். என் குறையில் பெரும்பகுதி அதனால் தீர்கிறது. செந்நாய்க் கணக்கிலும் நான் தோற்றேன். ஆயினும் நான்கு பேருக்கு மேல் சேரும்போது ஐந்தாமவரால் ஏறத்தாழ ஒன்றும் மாறுவதில்லை என்பது என் மனத்துக்கு இன்னும் ஒப்பவில்லை. மஞ்சூரில் நாங்கள் ஆடும்போது, பெரிய எண்ணோடு கூடுதல் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒன்று கூட்டிப் பார்க்கப் போகிறோம். மூவருக்கு 6.96, நால்வருக்கு 8.24 வருகிறது. நாய்களுக்கும் அதே விதிதான், சலுகை கேட்கவில்லை.

பகடைக்காரி

உங்கள் நான்கு நாய்கள் அதே பாத்திரத்தைக் கடித்தால் சராசரியாக எட்டு. உயிர்ப்புள்ளி நான்கும் போய், வலிமை ஆறாகிவிடும். மூன்று பகடைகள் ஆறுக்குள் அடங்க நூற்றுக்கு ஒன்பது வாய்ப்புதான். மஞ்சூரில் நிறையப் புதிய பாத்திரங்கள் எழுத வேண்டியிருக்கும். தாள் கட்டு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரவேணு

நான்காம் பக்கத்தில் இரண்டு வரி இடம் இருக்கிறது. திருத்திய ஏழாம் விதி இது. சொல் சரியில்லை என்றால் அடுத்த சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

"சுற்று தொடங்குமுன் ஒவ்வொருவரும் தாம் செய்யப்போவதைச் சொல்லிவிட வேண்டும், பகடை விழுந்தபின் மாற்றக்கூடாது. ஒரே எதிரியைப் பலர் தாக்குவதாகச் சொன்னால் அனைவரும் ஒரே நேரத்தில் உருட்டிப் பெரிய எண்ணை மட்டும் கொள்க. கவசத்தை அதிலிருந்து ஒருமுறை கழிக்க. எதிரிகளுக்கும் இதுவே விதி."

வாசகன் தம்பி, நீங்கள் பாலத்திலிருந்து விழுந்தது விழுந்ததுதான். கீழே ஆறு ஓடுகிறது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன்.